சுவருக்குள் செல்லும் செம்பு

ஈரோட்டைச் சுற்றிலும், பெருந்துறைச் சாலையிலும் திண்டலிலும் சித்தோட்டுப் பக்கத்திலும் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் வீடுகளைக் கவனித்துப் பார்த்தால், ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய், மழை நீருக்கு வேறொரு குழாய், மின்சாரத்திற்கு அறைதோறும் தனித்தனிப் பாதை என்று எத்தனையோ விஷயங்களை முன்கூட்டியே யோசித்து வைக்கும் நம் மக்கள், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிக்கு மட்டும் இடம் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள் என்பது தெரியவரும். இந்த மறதியின் பலன் கிருஹப்பிரவேசம் முடிந்து சில மாதங்கள் கழிந்த பின்புதான் புலப்படுகிறது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன் மாடி அறையில் அமர்ந்து பேசும்போது குரல் துண்டு துண்டாகப் போகிறது. கூடத்துத் தொலைக்காட்சியில் படம் நின்று நின்று ஓடுகிறது. கடைசியில், பட்டி பார்த்து வர்ணம் பூசிய சுவரின் மேல் ஆணியடித்து, சாம்பல் நிறக் கம்பி ஒன்றை இழுத்துச் செல்ல வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது.

வெளியுலகத்திலிருந்து வாசல் வரைக்கும் வரும் பாதையைப் பற்றி இன்று அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் காரியத்தை, டான்ஃபிநெட் என்று அழைக்கப்படும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் ஏற்றிருக்கிறது, நகரங்களிலோ பி.எஸ்.என்.எல். முதல் உள்ளூர்க் கேபிள்காரர் வரையில் பலரும் இழையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் அந்த இழை, வாசலருகே மாட்டப்படும் சிறு பெட்டியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து அறைகளுக்குச் செய்தியைக் கொண்டுபோகும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரருடையது. அதை அவர் எந்தக் கம்பியால் நிறைவேற்றுகிறார் என்பதைப் பொறுத்தே, மாதந்தோறும் அவர் கட்டும் பணத்திற்கு உரிய பிரயோஜனம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும்.

வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். வீடுகளில் உள்ள வைஃபை பெட்டிகள் பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, அண்டை வீட்டுப் பெட்டிகளின் நெரிசலும் அதில்தான் மிகுதி. இரண்டாவது வேகமுடையது; ஆயினும், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டையும், இரும்புக் கம்பி பின்னிய தார்சுத் தளம் ஒன்றையும் கடந்து மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் அதன் சக்தியில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. மேலும், ஒரே அலைவரிசையில் இருக்கும் கருவிகள் யாவும், ஒன்று பேசும்போது மற்றவை காத்திருந்து, முறைவைத்தே பேசியாக வேண்டும். கம்பியில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிப் பாதை, அதிலும் போவதும் வருவதும் ஏககாலத்தில் நடக்கும். ஆகையால், கையோடு அலையும் கருவிக்கு வைஃபை, இடம் பெயராத கருவிக்குக் கம்பி என்று வகுத்துக்கொள்வதே உத்தமம். மேசைக் கணினி, தொலைக்காட்சி, காமிராக்களின் பதிவுப் பெட்டி ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மாடியில் வைக்கும் இரண்டாவது வைஃபை பெட்டியையும் அதே வகையில் சேர்த்து, அதற்குக் கம்பி மூலமாகவே செய்தி வந்து சேரும்படி செய்துவிட்டால், கைப்பேசிகளின் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தக் கம்பியின் சரித்திரம் ரசமானது. கணினிகளை ஒரே கட்டடத்துக்குள் இணைக்கும் ஈதர்நெட் முறை, 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்பவர்களின் முயற்சியால் உருவாயிற்று. அப்போது அவர்கள் கையாண்டது, தொலைக்காட்சிக் கேபிளைப் போன்ற ஒற்றை மையக் கம்பியே. பிறகு 1990-இல் தொலைபேசிக்கு உபயோகப்படும் முறுக்குக் கம்பியிலேயே வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் செய்தி அனுப்பும் முறை பிரமாணமாக ஏற்கப்பட்டது; 1995-இல் அது 100 மெகாபிட்டாகவும், 1999-இல் 1,000 மெகாபிட்டாகவும், அதாவது ஒரு ஜிகாபிட்டாகவும், 2006-இல் 10 ஜிகாபிட்டாகவும் வளர்ந்தது. அந்த முறுக்குக் கம்பியோ, தொலைபேசியைக் கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881-இலேயே உரிமைப் பட்டயம் பெற்ற பழைய பொருள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் குரலைக் கொண்டுசெல்ல யோசித்த ஓர் உபாயம், இன்றும் வேகமான கணினி வலைக்கு ஜீவநாடியாக இருந்துவருகிறது.

கம்பியின் மேலுறையை ஓரங்குலம் சீவிவிட்டுப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நான்கு நிறங்கள். ஒவ்வொரு நிறக் கம்பியோடும், அதே நிறக் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று பின்னிப் பிணைந்திருக்கும். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே செய்தி நேர்மாறான மின்னழுத்தங்களாகச் செல்லுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறது. பக்கத்தில் மோட்டார் ஓடுவதாலோ மின்விளக்கு எரிவதாலோ உண்டாகும் இரைச்சல், முறுக்கிய காரணத்தால் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் படிகிறது. வித்தியாசத்தை எடுக்கும்போது அந்த இரைச்சல் கழிந்துபோய், செய்தி மட்டும் மிஞ்சுகிறது. நான்கு ஜோடிகளும் ஒரே முறுக்காக இருந்தால் ஒன்றின் செய்தி மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு முறுக்கு அளவை வைத்திருக்கிறார்கள். நூலின் தரம் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பதில் இருக்கிறது என்பதைத் தறிக்காரர் நிறைந்த இந்தச் சீமையில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கு அவிழ்ந்த நூல் தறியில் நிற்காததைப் போலவே, முறுக்கு அவிழ்ந்த கம்பியும் வேகத்தில் நிற்காது.

இந்த முறுக்கின் நேர்த்தியையும் செம்பின் கனத்தையும் ஒட்டியே கம்பிகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். கடைகளில் கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, கேட் 7, கேட் 8 என்று கேட்கும் பெயர்கள் இவையே. கேட் 5இ என்பது 100 மெகாஹெர்ட்ஸ் வரையில் பரிசோதிக்கப்பட்டது. 100 மீட்டர் தூரத்துக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தைத் தாராளமாகச் சுமக்கும். 2016-இல் வந்த புதிய பிரமாணத்தின்படி, அதற்கேற்ற கருவிகள் இரு முனைகளிலும் இருந்தால், 2.5 ஜிகாபிட் வேகமும் இதில் செல்லும். ஆகவே, பழைய வீட்டில் ஏற்கெனவே நல்ல கேட் 5இ கம்பி பதிந்திருக்குமானால், அதைப் பிடுங்கி எறிவது அனாவசியம். கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. நான்கு ஜோடிகளையும் பிரித்து நிறுத்தச் சிலுவை வடிவப் பிளாஸ்டிக் தண்டு ஒன்று பலவற்றின் நடுவில் ஓடும். 100 மீட்டருக்கு 5 ஜிகாபிட்டும், 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட்டும் இதன் சக்தி. பல கம்பிகளை நெருக்கிக் கட்டியிருந்தால் அந்த 55 மீட்டர் சுமார் 37 ஆகக் குறையும். கேட் 6ஏ 500 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. 10 ஜிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் கொண்டுசெல்லும். ஆனால் பருமனானது, வளைந்து கொடுக்காதது, விலையும் அதிகம்.

கேட் 7, கேட் 8 என்னும் பெயர்களைக் கண்டு, எண் பெரிதாக இருப்பதனாலேயே மயங்கிவிடக் கூடாது. கேட் 7 கம்பிக்கு என்று வகுத்த இணைப்பான், நம் கணினிகளில் இருக்கும் ஆர்ஜே-45 துளையினின்றும் வேறானது. அமெரிக்கப் பிரமாணக் குழுவினர் அந்த வகையை ஏற்றுக்கொள்ளவே இல்லை. சாதாரண முனை பூட்டிக் கேட் 7 என்று விற்கப்படும் கம்பிக்கு அதிக விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. கேட் 8, பெரிய கணினிக் கூடங்களில் 30 மீட்டர் தூரத்துக்குள் 25 அல்லது 40 ஜிகாபிட் வேகத்தில் யந்திரங்களை இணைப்பதற்காக ஏற்பட்டது. குடும்பத்தினர் வசிக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை.

எவ்வளவு வேகம் உண்மையில் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஜவுளிக்கு டிசைன் போடுகிறவரோ, கல்யாண வீடியோ தொகுக்கிறவரோ, 50 ஜிகாபைட் அளவுள்ள வேலையைக் கணினியிலிருந்து வீட்டிலுள்ள சேமிப்புப் பெட்டிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட் வழியில் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு ஜிகாபிட் வழியில் சுமார் ஏழு நிமிஷம். 10 ஜிகாபிட் வழியில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். இவ்வித வேலை இல்லாத குடும்பத்துக்கு, படம் பார்ப்பது, பாடம் கேட்பது, அலுவலகத்தோடு பேசுவது ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு ஜிகாபிட் போதும்; போதும் என்பதற்கு மேலும் உண்டு. நம் ஊர் வீடுகளில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும் கம்பி முப்பது மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆதலால், புதிதாகக் கட்டும் வீட்டுக்குக் கேட் 6 போதுமானது என்பதே எமது துணிந்த அபிப்பிராயம். இன்று ஒரு ஜிகாபிட்டுக்கும், பத்தாண்டுகளுக்குப் பின் 10 ஜிகாபிட்டுக்கும் அதே கம்பி ஈடுகொடுக்கும். பல கம்பிகள் ஒரே குழாயில் நெருங்கி வெகுதூரம் ஓடும் பெரிய மாளிகைக்கும், இன்றே 10 ஜிகாபிட் வேண்டும் என்னும் தொழிலாளருக்குமே கேட் 6ஏ அவசியமாகும்.

வகையைக் காட்டிலும் முக்கியமானது உலோகம். கடையில் அதே நீலப் பெட்டி, அதே 305 மீட்டர், அதே ‘கேட் 6’ என்னும் அச்சு, ஆனால் விலை பாதிக்குச் சமீபம் என்று ஒரு கம்பியைக் காட்டுவார்களானால், அது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். சி.சி.ஏ. என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அலுமினியத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் சுமார் அறுபது சதவீதமே உண்டு. இரண்டு மூன்று முறை மடித்தால் முறிந்துபோகும் சுபாவமும் அதற்கு உண்டு. எந்தக் கேட் பிரமாணமும் இதை ஒப்புக்கொள்வதில்லை. குட்டையான தூரத்தில் இது வேலை செய்வதுபோலவே தோன்றும்; அதனால்தான் ஆபத்து. காமிராவுக்குச் செய்தியையும் மின்சாரத்தையும் ஒரே கம்பியில் அனுப்பும் பி.ஓ.இ. முறையில், முதற் பிரமாணத்தின்படியே 15.4 வாட் மின்சக்தி இந்த மெல்லிய கம்பிகள் வழியே செல்லுகிறது. தடை மிகுந்த அலுமினியத்தில் அது வெப்பமாக மாறுகிறது, கோடியிலுள்ள காமிராவோ போதிய சக்தி பெறாமல் அணைந்து அணைந்து எரிகிறது.

பரிசோதிக்கும் விதம் சுலபமானது. எட்டுக் கம்பிகளில் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக்கை உரித்து, பேனாக் கத்தியின் கூரால் உலோகத்தின் மேற்பரப்பைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பாகவே இருந்தால் நல்ல சரக்கு. வெள்ளி நிறம் தெரிந்தால் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு புரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப்போல் மூன்று பங்குக்கு மேல். இன்னொரு சூசனை: சுவருக்குள் பதிப்பதற்கு ஒற்றைத் தடித்த கம்பியாலான வகையே ஏற்றது, பல மெல்லிய இழைகளைத் திரித்துச் செய்த மிருதுவான வகை, சுவர்ப் பலகையிலிருந்து கணினிக்குப் போகும் குட்டைக் கயிற்றுக்கு உரியது.

இனி, கம்பியைச் சுமக்கும் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொத்தனார் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே, மின்சாரக் குழாய்களோடு கூட, 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைக் கணினி வலைக்கென்று தனியே பதித்துவிட வேண்டும். மின்சாரக் கம்பியும் வலைக்கம்பியும் ஒரே குழாயில் செல்வது அபாயம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நெடுந்தூரம் ஓடுவதும் தகாது. சுமார் ஓரடி விலக்கி ஓட்டி, குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கச் செய்வது நலம். தறிக்குடோன் ஒட்டியுள்ள வீடுகளில் இந்த எச்சரிக்கை பன்மடங்கு அவசியம். குழாயின் திருப்பங்கள் வளைவாக இருக்கட்டும்; கம்பியின் விட்டத்தைப்போல் நான்கு பங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைந்தால்தான் உள்முறுக்கு கலையாது. இழுக்கும்போதும் முரட்டுத்தனம் கூடாது. பதினொரு கிலோ எடைக்குச் சமமான இழுப்புக்கு மேல் போனால் முறுக்கு நீண்டு கெட்டுவிடும்.

ஈரோட்டுச் சித்திரை வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிரமாணங்களில் சொல்லும் தூரமெல்லாம் 20 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் செய்தியின் நலிவு சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் இன்னும் விரைவாகக் கூடுகிறது. நிழலிலேயே நாற்பதைத் தொடும் நம் ஊரில், மொட்டை மாடித் தரையில் கிடக்கும் குழாய்க்குள் சூடு எவ்வளவு இருக்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம். உள்ளறைக் கம்பியின் மேலுறை சூரிய ஒளிபட்டு விரைவில் வெடித்தும் போகும். கூடியவரையில் கம்பியைக் கட்டடத்துக்குள்ளேயே ஓட்டுவது நல்லது. வெளியே செல்லத்தான் வேண்டுமென்றால், வெயில் தாங்கும் கறுப்புப் பாலிதீன் உறையிட்ட கம்பியையே வாங்க வேண்டும்.

கம்பி நல்லதாயிருந்தும் முனை பூட்டுவதில் கெட்டுப்போவது மிகச் சாதாரணம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்பது வழக்கமான வரிசை. இரு முனைகளிலும் இதுவே இருக்க வேண்டும். பூட்டும் இடத்தில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்கலாகாது. எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகப் பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது பயன் தரும். 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை என்னும் இரண்டே ஜோடிகள் போதும். ஒரு ஜிகாபிட்டுக்கோ நான்கும் தேவை. நீலமோ பழுப்போ அறுந்திருந்தால் வலை நின்றுவிடுவதில்லை. பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, யாரும் அறியாமல் அந்த மந்த கதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வேலை முடிந்தவுடன் கணினியை ஒவ்வொரு முனையிலும் மாட்டி, இணைப்பின் வேகம் 1,000 என்று காட்டுகிறதா என்பதை வீட்டுக்காரரே பார்த்த பிறகுதான் கூலியைக் கணக்குத் தீர்க்க வேண்டும். விளக்கு வரிசையாக எரியும் சிறு டெஸ்டர், கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மாத்திரமே சொல்லும், வேகத்தைச் சொல்லாது.

கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. ஊருக்குள் வீடும், சற்றுத் தள்ளித் தோட்டத்துச் சாளையும், கிணற்றடியில் மோட்டார் அறையும், மாட்டுக் கொட்டகையில் காமிராவும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் செம்புக் கம்பியை இழுப்பது விபரீதம். கோடை மழையின் இடிமின்னலில் இரண்டு கட்டடங்களின் பூமித் தொடர்புக்கும் இடையே உண்டாகும் மின்னழுத்த வேற்றுமை, அந்தக் கம்பி வழியே பாய்ந்து, இரு முனையிலுமுள்ள கருவிகளைச் சேர்த்தே எரித்துவிடும். இங்கே கண்ணாடி இழைதான் பொருத்தம். 1966-இல் சார்ல்ஸ் காவ் தூய கண்ணாடி இழையின் மூலம் செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று கணக்கிட்டுக் கூறினார். அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒன்பது மைக்ரான் விட்டமுள்ள ஒளிப்பாதையைக் கொண்ட ஒற்றை முறை இழையில் செய்தி கிலோமீட்டர்க் கணக்கில் போகும்; மின்சாரம் துளியும் போகாது. இரு முனைகளிலும் ஒளியைச் செய்தியாக மாற்றும் சிறு பெட்டிகள் இரண்டு வேண்டும், அவ்வளவே. இழையை வாங்கும்போது, அதனோடு தாங்கு கம்பியாக இரும்புக் கம்பி ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிடில் மின்னலுக்கு நாமே வழி வகுத்தவர்களாவோம். அணிலும் எலியும் கடித்துவிடாதபடி அதைக் குழாய்க்குள் இட்டுப் பூமிக்கடியில் கொண்டுபோவதே க்ஷேமம்.

கருவிகள் ஐந்தாறு வருஷத்தில் மாறும். கம்பியும் ஒரு தலைமுறையில் பழசாகலாம். சுவருக்குள் பதித்த குழாயோ வீடு உள்ளளவும் இருக்கும். ஆகவே வீடு கட்டப் புறப்பட்டிருக்கும் அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுதான்: கான்கிரீட் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து உட்கார வையுங்கள், வாசலில் இழை வந்து சேரும் இடத்திலிருந்து கூடத்துக்கும், படிக்கும் அறைக்கும், மாடி நடைக்கும் தனிக் குழாய்கள் போடச் சொல்லுங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் கத்தியால் சுரண்டிப் பார்த்து வாங்கிய செம்புக் கேட் 6 கம்பி இரண்டிரண்டாக இழுக்கச் சொல்லுங்கள், மேலே ஒரு காலிக் குழாயும் விட்டுவையுங்கள். வீட்டின் மொத்தச் செலவில் இது அற்பத் தொகை. பூசி முடித்த சுவரை மறுபடி கொத்துவதற்கு ஆகும் செலவு இதைப் போல் பல மடங்கு.